மெய்ப்பாடும் முகக்குறியும்: உளவியலிடம் தமிழாய்வு கடன்பெறும் முறை

முன்னுரை

‘உளவியல் நோக்கில்’ என்னும் தொடரைத் தலைப்பில் தாங்கிய ஆய்வேடுகளும் கட்டுரைகளும் தமிழ்த்துறைகளில் பல்கியுள்ளன. அவற்றுள் பலவற்றின் அமைப்பு ஒரே வகையினது. முதலில் மேலைநாட்டு உளவியலார் ஒருவரின் கோட்பாடு சுருக்கித் தரப்படும். அடுத்து, அக்கோட்பாட்டின் கூறு ஒவ்வொன்றுக்கும் இலக்கியத்திலிருந்து சான்று எடுத்துக்காட்டப்படும். இறுதியில், மேலையோர் அண்மையில் கண்டதைத் தமிழர் பல நூற்றாண்டுகட்கு முன்பே கண்டிருந்தனர் என்ற முடிவு நிறுவப்படும்.

இம்முறையில் ஓர் எண்ணம் மறைந்து நிற்கிறது. உளவியல் கோட்பாடு ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பெற்ற அளவுகோல். இலக்கியம் அவ்வளவுகோலால் அளக்கப்படும் பொருள் என்பதே அவ்வெண்ணம். ஆனால், நாம் அளவுகோலாகக் கொள்ளும் கோட்பாடுகள் அத்துறைக்குள்ளேயே கடும் வழக்கில் இருப்பவை. கடந்த பதினைந்து ஆண்டுகளில் உளவியல் தன் அடிப்படைச் சோதனைகள் பலவற்றை மீண்டும் செய்து பார்த்து, அவற்றுள் கணிசமானவை முன்போல் விளைவு தரவில்லை எனத் தானே அறிவித்துள்ளது. இவ்விவாதங்கள் நம் ஆய்வேடுகளுள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

கோட்பாட்டின் முடிவை மட்டும் கடன்பெற்று, அம்முடிவு பற்றிய வழக்கை விட்டுவிடுவது உளவியலுக்கும் நீதியாகாது. தமிழ் நூல்களுக்கும் நீதியாகாது என்பதே இக்கருத்துரையின் நிலைப்பாடு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோடு மிகுதியும் ஒப்பிடத்தக்க துறையான உணர்ச்சி வெளிப்பாட்டு ஆய்வை முதன்மைச் சான்றாகக் கொண்டு இந்நிலைப்பாடு இங்கே விளக்கப்பெறுகிறது.

எக்மனின் கோட்பாடு

மனிதரின் உணர்ச்சி வெளிப்பாடுகள் மரபுவழி வந்தவை என்னும் கருத்தைச் சார்லஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அக்கருத்து பின்தள்ளப்பட்டது. முகக்குறிகளும் மொழியைப்போல் பண்பாட்டுக்குப் பண்பாடு வேறுபடுவன என்றே மானிடவியலார் பலர் கருதினர். இந்நிலையை மாற்றியவர் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன்.

1960களின் பிற்பகுதியில் எக்மனும் அவர்தம் குழுவினரும் பப்புவா நியூகினியின் மலைப்பகுதியில் வாழும் ஃபோரே மக்களிடம் ஆய்வு நிகழ்த்தினர். திரைப்படமும் இதழ்களும் எட்டாத மக்கள் என்பதால் அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ‘ஒருவனின் குழந்தை இறந்துவிட்டது, அவன் துயருறுகிறான்’ என்பதுபோன்ற சிறுகதை ஒன்றைக் கூறி, முன்வைக்கப்பட்ட மூன்று நிழற்படங்களுள் அதற்குப் பொருந்தும் முகம் எதுவெனக் கேட்பதே பெரியவர்களிடம் கையாளப்பெற்ற முறை. பெரும்பான்மையோர் எதிர்பார்த்த படத்தையே காட்டினர். வாலஸ் ஃபிரீசனுடன் இணைந்து 1971இல் எக்மன் வெளியிட்ட இம்முடிவு, மகிழ்ச்சி, துயரம், சினம், அச்சம், வியப்பு, அருவருப்பு என்னும் ஆறும் மாந்தர் அனைவர்க்கும் பொதுவான முகக்குறிகளை உடையவை என்னும் கோட்பாட்டிற்கு அடித்தளமாயிற்று. முகத்தசைகளின் அசைவுகளைத் தனித்தனியே குறித்துக்கொள்ளும் முறை ஒன்றையும் இருவரும் 1978இல் வகுத்தளித்தனர்.

எக்மனின் கருத்தைச் சுருக்கி மேற்கோள் காட்டுவோர் இரு செய்திகளை விட்டுவிடுகின்றனர். ஒன்று, எந்த இடத்தில் எவ்வுணர்ச்சியைக் காட்டலாம், எதை மறைக்கவேண்டும் என்பதைப் பண்பாடே வகுக்கிறது என்று எக்மனே ஏற்றுக்கொண்டார். மற்றொன்று, ஃபோரே மக்கள் அச்சமுற்ற முகத்தையும் வியப்புற்ற முகத்தையும் தெளிவாகப் பிரித்தறியவில்லை என்பதும் அதே ஆய்வில் பதிவாகியுள்ளது. அடிப்படை உணர்ச்சிகள் ஆறுதாம் என்பதும் எக்மனின் இறுதி முடிபன்று. பிற்காலத்தில் பெருமிதம், நாணம், நிறைவு முதலியவற்றையும் சேர்த்து அவர் பட்டியலை விரித்தார்.

எழுந்த மறுப்புகள்

இக்கோட்பாட்டின் மீதான முதன்மை மறுப்பு அதன் முடிவைப் பற்றியதன்று, முறையைப் பற்றியது. விடைகளை முன்கூட்டியே வரையறுத்து, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் உடன்பாடு மிகுதியாகவே தோன்றும் என ஜேம்ஸ் ரசல் 1994இல் விரிவாக வாதிட்டார். எக்மன் அதற்கு அதே ஆண்டில் மறுமொழி எழுதினார். அவ்வாண்டிலேயே ஆலன் ஃபிரிட்லண்ட், முகக்குறி அகவுணர்ச்சி தானே கசிந்து வெளிப்படும் வழியன்று, எதிரில் இருப்பவரை நோக்கி விடுக்கப்படும் சமூகச் செய்தி என்னும் மாற்றுக் கோட்பாட்டைத் தம் நூலில் முன்வைத்தார்.

அடுத்த இருபதாண்டுகளில் வாதம் களத்திற்குச் சென்றது. மரியா ஜெண்ட்ரன், லிசா ஃபெல்ட்மன் பாரெட் ஆகியோரின் குழு நமீபியாவின் ஹிம்பா மக்களிடம் முகப்படங்களைக் கொடுத்து, அவர்கள் விருப்பப்படியே குவியல்களாகப் பிரிக்கச் சொன்னது. 2014இல் வெளியான அவ்வாய்வின்படி, அமெரிக்கர் ஏறத்தாழ எதிர்பார்த்த ஆறு வகைகளாகவே பிரித்தனர். ஹிம்பா மக்கள் அவ்வாறு பிரிக்கவில்லை. ‘சிரிக்கிறார்’, ‘பார்க்கிறார்’ எனச் செயல்களின் பெயராலேயே அவர்கள் பல குவியல்களைச் சுட்டினர். கார்லோஸ் கிரிவெல்லியும் பிறரும் டிரோப்ரியாண்ட் தீவுகளில் நிகழ்த்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. விழிகள் அகன்று வாய் பிளந்த முகத்தை ஸ்பெயின் நாட்டினர் அச்சமெனக் கண்டனர். டிரோப்ரியாண்ட் இளைஞர் அதைச் சினமும் அச்சுறுத்தலுமாகக் கண்டனர். அஞ்சுபவனின் முகம் என ஒரு சாரார் கொண்டது, அஞ்சச் செய்பவனின் முகம் என மற்றொரு சாராருக்குப் பட்டது.

இதனால் எக்மனின் தரப்பு வீழ்ந்துவிட்டது எனக் கொள்வதும் பிழையாகும். ஆலன் கோவன், டேக்கர் கெல்ட்னர் முதலியோர் 144 நாடுகளைச் சேர்ந்த 60 இலட்சம் காணொளிகளைக் கணினி கொண்டு ஆராய்ந்து 2021இல் ஒரு முடிவை வெளியிட்டனர். பதினாறு வகை முகத்தோற்றங்கள் உலகின் பல பகுதிகளிலும் ஒத்த சூழல்களில் தோன்றுகின்றன என்பது அம்முடிவு. இது பொதுமைக் கோட்பாட்டிற்கு வலுவூட்டுவது. ஆயினும், முகத்தோற்றங்களுக்கு உணர்ச்சிப் பெயரிட்டுக் கணினிக்குப் பயிற்சி தர உதவியோர் ஆங்கிலம் அறிந்த இந்தியர் என்பதால், கணினி கண்டது உலகப் பொதுமையையா, பெயரிட்டோரின் வகைப்பாட்டையா என்ற வினா உடனே எழுப்பப்பட்டது. வழக்கு இன்னும் முடியவில்லை.

வெவ்வேறு நிலைப்பாடுடைய ஐவர், பாரெட் உள்ளிட்டோர், இணைந்து இத்துறையின் ஆய்வுகளை ஒருங்கே மதிப்பிட்டு 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். சினமுற்றோர் சில வேளைகளில் முகம் சுளிக்கின்றனர். ஆனால், சினமுற்றபோதெல்லாம் சுளிப்பதில்லை. சுளிப்போர் அனைவரும் சினமுற்றோரும் அல்லர். எனவே முகத்தை மட்டும் கண்டு அகத்தை உறுதியாக உரைத்தல் இயலாது என்பதே அவர்கள் உடன்பட்டு வந்த முடிவாகும். எக்மன் கோட்பாட்டை இன்று எடுத்தாளும் ஆய்வேடு எதுவும் இவ்வறிக்கையைத் தாண்டிச் செல்லுதல் தகாது.

ஆய்வகத்திற்கு வெளியே

இவ்வழக்கு அறிஞர்களிடை மட்டும் நிகழும் சொற்போர் அன்று. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையையும் முகக்குறியையும் நோக்கி ஐயத்திற்குரியவரைப் பிரித்தறியும் திட்டம் ஒன்று செயற்படுத்தப்பட்டது. எக்மனின் ஆய்வுகள் அதன் உருவாக்கத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தன. 2007 முதல் அத்திட்டத்திற்கு ஏறத்தாழ 90 கோடி டாலர் செலவாகியுள்ளது என்றும், அத்தகைய குறிகளால் இடர் விளைவிப்போரை இனங்காண முடியும் என்பதற்குத் தக்க சான்றில்லை என்றும் அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு 2013இல் அறிக்கை அளித்தது.

முகத்தைக் கண்டு உணர்ச்சியைக் கணிக்கும் கணினிக் கருவிகளும் இக்கோட்பாட்டின் வழிவந்தவையே. உணர்ச்சி என்பதன் வரையறையிலேயே அறிஞரிடை உடன்பாடில்லை என்பதைக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டி மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2022இல் அத்தகைய சேவையை நிறுத்துவதாக அறிவித்தது. பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளைப் பயன்படுத்துவதை, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் தடை செய்கிறது. ஒருவரின் வேலையும் கல்வியும் நடமாட்டமும் ஒரு கோட்பாட்டின் உறுதிப்பாட்டைச் சார்ந்திருக்கும் காலம் இது. அக்கோட்பாடு ‘அறிவியல் நிறுவியது’ எனத் தமிழ் ஆய்வேடுகள் ஐயமின்றி எழுதும்போது, அச்சொல்லுக்கும் ஒரு பொறுப்பு உண்டு.

மெய்ப்பாட்டியல் கூறுவது யாது?

தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகள் எட்டு. எக்மன் கூறிய அடிப்படை உணர்ச்சிகள் ஆறு. அச்சம், வெகுளி, மருட்கை, உவகை ஆகியன நேரே பொருந்துகின்றன. அழுகை துயரத்தோடும் இளிவரல் அருவருப்போடும் ஒருவாறு பொருந்துகின்றன. நகையும் பெருமிதமும் மிகுகின்றன. எனவே தொல்காப்பியர் எக்மனை விஞ்சினார். இவ்வாறு ஓர் ஒப்பீடு எளிதில் அமைந்துவிடும். அது எளிதாக அமைவதே ஐயத்திற்குரியது.

முதலில், எட்டு மெய்ப்பாடுகளையும் தொல்காப்பியர் எவ்வாறு வரையறுக்கிறார் என்பதை நோக்கவேண்டும். அவர் ஓரிடத்தும் அச்சத்திற்குப் புருவம் எவ்வாறு உயரும், வெகுளிக்கு இதழ் எவ்வாறு இறுகும் என வகுக்கவில்லை. ஒவ்வொரு மெய்ப்பாட்டிற்கும் அது தோன்றும் நிலைக்களன்களை நான்கு நான்காகத் தருகிறார். அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கின்வழித் தோன்றும். வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன களன்கள். பெருமிதம் கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியவற்றால் பிறக்கும். எட்டும் நான்கும் உறழ முப்பத்திரண்டு பொருள்கள் ஆகின்றன. இவை முகத்தின் பட்டியல் அல்ல. வாழ்க்கைச் சூழல்களின் பட்டியல். தம் இறையால் வரும் அச்சத்தைக் கள்வரால் வரும் அச்சத்தோடு ஒருங்கே வைக்கும் பகுப்பு, குறிப்பிட்டதோர் அரசியல் சமூக அமைப்பின் உள்ளிருந்து எழுந்தது. அதை முகத்தசைகளின் பொதுமையோடு ஒப்பிடுதல் இரு வேறு வினாக்களின் விடைகளை ஒன்றெனக் கொள்வதாகும்.

இரண்டாவதாக, உரையாசிரியர்கள் மெய்ப்பாட்டைக் காண்போரை உள்ளடக்கியே விளக்குகின்றனர். உள்ளத்து நிகழ்ச்சி புறத்தார்க்குப் புலப்படுமாறு வெளிப்படுதல் என்பது பேராசிரியர் தரும் விளக்கத்தின் சாரம். இளம்பூரணரோ, நிகழ்த்துவோனிடம் தோன்றியது காண்போரைச் சென்றெய்தும் நிலையைக் கூத்து மரபின்வழிச் சுட்டுகிறார். காண்போர் இன்றி மெய்ப்பாடு இல்லை. தனியே அமர்ந்திருக்கும் ஒருவரின் முகத்தில் உணர்ச்சி தன்னியல்பாக எழுதிச் செல்லும் குறியாக மெய்ப்பாட்டை இவ்வுரைகள் கருதவில்லை.

மூன்றாவதாக, அகத்திணைக்குரிய மெய்ப்பாடுகளுள் நகுநயம் மறைத்தல், பிறர்க்குச் சிதைவு புலப்படாது காத்தல் போல்வன இடம்பெறுகின்றன. மறைத்தலே இங்கு மெய்ப்பாடாகிறது. நெற்றி வியர்த்தல் வெயிலாலும் நேரும், அச்சத்தாலும் நேரும், தலைவனை எதிர்ப்பட்ட தலைவியிடத்து மட்டுமே அது காதற்குறியாகிறது. குறியின் பொருளை இடமும் காலமும் உறவும் தீர்மானிக்கின்றன.

திருக்குறளையும் இவ்விடத்து எண்ணலாம். உள்ளத்தில் மிகுந்ததை முகம் பளிங்கெனக் காட்டும் என்னும் கருத்து குறிப்பறிதல் அதிகாரத்தில் உண்டு; அது எக்மனுக்குச் சான்றாக எளிதில் எடுத்தாளத்தக்கது. ஆனால், அதே அதிகாரம் பிறர் கூறாமலே உள்ளக்கருத்தை உணரவல்லாரை உலகிற்கு அணியெனப் போற்றுகிறது. முகம் எல்லார்க்கும் ஒருபடித்தாய்ப் படிக்கத்தக்கதாயின், அதைப் படிக்கவல்லார் அரியராகக் காரணமில்லை. பொருட்பாலில் அமைச்சனுக்குரிய திறனாகவும் காமத்துப்பாலில் காதலர்க்குரிய திறனாகவும் ஒரே தலைப்பு இருமுறை அமைந்திருப்பதும், குறிப்பறிதல் சூழலுக்குச் சூழல் வேறுபடும் பயிற்சி என்பதை உணர்த்துவதாகக் கொள்ளலாம்.

இவற்றைக் கண்டவுடன், ‘அவ்வாறாயின் தொல்காப்பியர் பாரெட்டின் முன்னோடி; ஃபிரிட்லண்டின் முன்னோடி’ என எழுதத் தோன்றும். அதுவும் பழைய பிழையின் புதிய வடிவமே. மெய்ப்பாட்டியல் செய்யுள் உறுப்பை விளக்கும் இலக்கணம்; ஃபோரே மக்களையோ ஹிம்பா மக்களையோ அளந்து கண்ட முடிவன்று. அதற்கு ஆய்வகச் சான்று தேவையுமில்லை. ஆய்வக முடிவால் அதற்குப் பெருமை கூடுவதுமில்லை. இன்றைய வழக்கில் எத்தரப்பு வென்றாலும் தொல்காப்பியர் வென்றவர் பக்கம் நிற்பார் என்னும் ஒப்பீடு, தொல்காப்பியரைப் பற்றி எதையும் கூறுவதாகாது.

பேனாவும் புன்னகையும்

ஒரு கோட்பாட்டின் மீதான ஐயம் எவ்வாறு தீர்க்கப்படுகிறது என்பதற்கு உணர்ச்சி ஆய்விலேயே மற்றொரு சான்று உண்டு. உணர்ச்சியால் உடல் மாறுவது மட்டுமன்றி, உடல் மாற்றத்தாலும் உணர்ச்சி தோன்றும் என்னும் கருத்து வில்லியம் ஜேம்ஸ் 1884இல் எழுதிய கட்டுரையோடு தொடர்புடையது. 1988இல் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராக்கும் உடனாய்வாளரும் இதைச் சோதித்தனர். பேனாவைப் பற்களால் கடித்தால் முகம் புன்னகையின் வடிவம் பெறும். இதழ்களால் கவ்வினால் அவ்வடிவம் பெறாது. பற்களால் கடித்தோர் கேலிச்சித்திரங்களைச் சற்று மிகுதியாக நகைப்புக்குரியனவாக மதிப்பிட்டனர். இச்சோதனை பாடநூல்களில் இடம்பெற்றது.

2016இல் 17 ஆய்வகங்கள் ஏறத்தாழ 1,900 பேரிடம் இதை மீண்டும் செய்தன. எதிர்பார்த்த விளைவு கிட்டவில்லை. பங்கேற்போரைப் பதிவுக்கருவி படம்பிடித்ததே அவர்தம் இயல்பைக் கெடுத்தது என ஸ்ட்ராக் வாதிட்டார். தோற்றவர் கூறும் சமாதானம் என இதனைத் தள்ளிவிடவில்லை. பதிவுக்கருவி இருந்தும் இல்லாமலும் செய்த வேறொரு சோதனை 2018இல் அவ்வாதத்திற்கு ஓரளவு இடமளித்தது. பின்னர் நிக்கோலஸ் கோல்ஸ் தலைமையில் கோட்பாட்டை ஏற்போர், மறுப்போர், நடுநிலையோர் ஆகிய முத்தரப்பினரும் ஒன்றுகூடி, எது கண்டால் எதை ஏற்போம் என முன்னரே உடன்பட்டு, 19 நாடுகளில் 3,878 பேரிடம் சோதனை நிகழ்த்தினர். 2022இல் வெளியான முடிவின்படி, புன்னகைக்கும் முகத்தைப் பார்த்துப் போலச்செய்வது மகிழ்ச்சியைச் சற்று மிகுவிக்கிறது. பேனாச் சோதனையின் விளைவோ உறுதிப்படவில்லை. கருத்தில் ஒரு பகுதி நிலைத்தது. அதற்குப் பெயர்பெற்ற சான்று நிலைக்கவில்லை.

இது தனி நிகழ்வன்று. டேரில் பெம் என்னும் புகழ்பெற்ற உளவியலாளர் 2011இல் ஒன்பது சோதனைகளைக் கொண்டு, வருங்கால நிகழ்ச்சியை மனித உள்ளம் முன்னுணர்கிறது எனத் தலைசிறந்த இதழ் ஒன்றில் எழுதினார். அவர் கையாண்டவை துறையில் யாவரும் கையாளும் முறைகளே என்பதுதான் அதிர்ச்சியை விளைவித்தது. அதே ஆண்டில் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் ஆகிய மூவரும், வழக்கமான புள்ளியியல் நெகிழ்ச்சிகளைப் பயன்படுத்தினால் ஒரு பாடலைக் கேட்டோரின் வயது குறைந்துவிட்டது என்றுகூட ‘நிறுவ’ முடியும் எனச் செய்து காட்டினர். 2015இல் பிரையன் நோசெக் ஒருங்கிணைத்த பெருங்குழு, 2008இல் மூன்று இதழ்களில் வெளிவந்த ஆய்வுகளிலிருந்து எடுத்த 100 ஆய்வுகளை மீளச் செய்தது. மூல ஆய்வுகளுள் 97 விழுக்காடு புள்ளியியல் பொருண்மை உடையனவாக இருந்தன. மீள்சோதனைகளுள் 36 விழுக்காடே அவ்வாறு அமைந்தன. இக்கணக்கீட்டையும் டேனியல் கில்பர்ட் முதலியோர் 2016இல் மறுத்தனர் என்பதையும் உடன் கூறவேண்டும்.

இவ்வரலாற்றைக் கண்டு உளவியல் பொய்த்துறை என எள்ளுவோர் உளர். அது முறையன்று. தன் முடிவுகளைத் தானே மீளாய்ந்து, தவறியவற்றைப் பலரறிய வெளியிடும் துறை தளர்ந்த துறையாகாது. தமிழாய்வு உளவியலிடமிருந்து கற்கத்தக்கவற்றுள் முதலாவது, ஆறு உணர்ச்சிகளின் பட்டியல் அன்று, இவ்வொழுக்கமே ஆகும்.

ஒரு தடையும் விடையும்

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். இலக்கியத் திறனாய்வு ஆய்வகச் சோதனை அன்று; ஃபிராய்டின் கருத்துகள் சோதனையால் உறுதிப்படாவிடினும், அவற்றின்வழி நோக்கும்போது ஒரு புதினத்தின் மௌனங்கள் பொருள் பெறுகின்றன; கோட்பாடு இங்குக் கண்ணாடியே அன்றி அளவுகோல் அன்று; ஆகவே மீள்சோதனைச் சிக்கல் நமக்குரியதன்று என்பது அத்தடை.

இத்தடையில் வலிமை உண்டு. உளப்பகுப்பாய்வு அறிவியலாகுமா என்ற வினாவைக் கார்ல் பாப்பர் ஒருவகையிலும், 1984இல் வெளியிட்ட நூலில் அடால்ஃப் குருன்பாம் வேறொரு வகையிலும் எழுப்பிய பின்னரும், இலக்கிய வாசிப்பில் ஃபிராய்டின் பயன் குன்றவில்லை. ஒரு நோக்கு புதிய வாசிப்பைத் தருமாயின் அதுவே அதற்குரிய நியாயம். ஆனால், கண்ணாடியாகக் கொள்வோர் கண்ணாடி என்றே கூறவேண்டும். முதல் இயலில் கண்ணாடியாக அறிமுகமாகும் கோட்பாடு, முடிவுரையில் ‘தலைவியின் செயல் உளவியல் உண்மை என்பது இதனால் நிறுவப்பெறுகிறது’ என அளவுகோலாக மாறிவிடுகிறது. அறிவியலின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டு அறிவியலின் பொறுப்பை மறுத்தல் இயலாது. இவ்விரண்டனுள் ஒன்றையே தேர்ந்துகொள்ள வேண்டும்.

மற்றொரு கூற்றும் கருதத்தக்கது. உளவியல் சோதனைகளில் பங்கேற்றோர் யாவர் என்ற வினாவை ஜோசஃப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹைன், அரா நோரென்சயான் ஆகியோர் 2010இல் வலுவாக எழுப்பினர். முன்னணி இதழ்களின் ஆய்வுக்குட்பட்டோருள் ஏறத்தாழ 96 விழுக்காட்டினர் உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடே கொண்ட நாடுகளைச் சேர்ந்தோர் என்னும் கணக்கை அவர்கள் எடுத்துக்காட்டினர். இதனை ஒரு சாரார், ‘மேலை உளவியல் நமக்குப் பொருந்தாது’ என்பதற்குச் சான்றாகக் கொள்கின்றனர். அவர்கள் கூறியது அதுவன்று. சான்று தொகுக்கப்படாத மக்களைப் பற்றிப் பொதுமையும் கூறவியலாது. வேறுபாடும் கூறவியலாது என்பதே அதன் பொருள். தமிழர் உள்ளம் தனித்தது என்பதற்கும் தனிச்சான்று வேண்டும்.

செய்யத்தக்கன

இக்குறைகளைக் களையப் பெருஞ்செலவோ புதிய துறையோ தேவையில்லை. சில நடைமுறைகளை ஆய்வு நெறியாளர்களும் இதழ்களின் மதிப்பீட்டாளர்களும் வலியுறுத்தினாலே போதும்.

முதலாவது, உளவியல் கோட்பாடு ஒன்றை எடுத்தாளும் ஆய்வேடு, அதன் தோற்றத்தோடு அதன் இன்றைய நிலையையும் கூறவேண்டும். கோட்பாட்டை முன்மொழிந்தவரின் நூலோடு, அதனை மறுத்தவரின் கட்டுரை ஒன்றையேனும் ஆய்வாளர் படித்திருத்தல் வேண்டும். இரண்டாம் நிலைச் சுருக்கங்களை மட்டும் நம்புவதன் விளைவை மாஸ்லோவின் தேவைப் படிநிலையில் காணலாம். அவர்தம் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் பிரமிடு வரைபடம் இல்லை. பின்வந்தோர் வரைந்த அதுவே இன்று மாஸ்லோ எனப் பரவியுள்ளது.

இரண்டாவது, கோட்பாடு கண்ணாடியாகக் கையாளப்படுகிறதா, அளவுகோலாகக் கையாளப்படுகிறதா என்பதை முன்னுரையிலேயே அறிவித்து, முடிவுரை வரை அதனைக் காக்கவேண்டும்.

மூன்றாவது, பொருந்தாதவற்றையும் பதிவு செய்யவேண்டும். கோட்பாட்டின் ஒவ்வொரு கூறுக்கும் இலக்கியச் சான்று கிடைத்துவிட்டது என்னும் ஆய்வேடு, தேடியதை மட்டுமே கண்ட ஆய்வேடாக இருக்கக்கூடும். முந்நூறு பாடல்களுள் முப்பதில் ஒரு கூறு காணப்படுமாயின், எஞ்சிய இருநூற்றெழுபது யாது கூறுகின்றன என்பதும் ஆய்வின் பகுதியே. சாதகமான முடிவை மட்டும் வெளியிட்டதே உளவியலை இடருக்குள்ளாக்கிய பழக்கங்களுள் ஒன்று.

நான்காவது, தமிழாய்வு பெறுவதோடு நில்லாது தரவும் முற்படவேண்டும். உணர்ச்சிச் சொற்கள் மொழிக்கு மொழி எவ்வாறு பகுக்கப்படுகின்றன என்பது இன்றைய உணர்ச்சி ஆய்வின் மைய வினாக்களுள் ஒன்று. இளிவரல், பெருமிதம், மருட்கை ஆகியவற்றை ஒற்றைச் சொல்லால் பிற மொழிக்குப் பெயர்ப்பதில் உள்ள இடர்ப்பாடே ஆய்வுக்குரிய தரவு. இச்சொற்கள் தொல்காப்பியத்திலும் உரைகளிலும் பிற்கால இலக்கியங்களிலும் எவ்வெச் சூழல்களில் வருகின்றன, எப்போது பொருள் மாறின என்பதைத் தொகுத்துத் தரவல்லார் தமிழ்த்துறையினரே. உளவியல் துறையினரோடு இணைந்து, இன்று தமிழ் பேசுவோர் அவ்வகைப்பாட்டை எவ்வளவு உணர்கின்றனர் எனச் சோதிப்பதும் இயலும். விடை எதுவாயினும் வெளியிடுவோம் என்னும் உறுதியோடு அச்சோதனை தொடங்கவேண்டும்.

முடிவுரை

பண்டை உரையாசிரியர்கள் பிறர் கருத்தை எடுத்துரைத்து, அதற்குத் தடை எழுப்பி, விடை கூறி, அதன் பின்னரே தம் துணிபை உரைத்தனர். ஒரு நூற்பாவிற்கு இளம்பூரணர் கூறியதைப் பேராசிரியர் மறுத்தெழுதுகையில் இருவர் உரையும் நமக்குப் பயன்படுகின்றன. ஒருவரை மட்டும் படித்துத் தொல்காப்பியம் கற்றதாக நாம் கருதுவதில்லை. தொல்காப்பியத்தைப் படிக்கும்போது நாம் இயல்பாக மேற்கொள்ளும் இந்நெறியை, எக்மனைப் படிக்கும்போது கைவிடுவதற்குக் காரணமில்லை. உளவியல் நூலும் உரை வேற்றுமை உடைய நூலே. அவ்வுரை வேற்றுமையையும் சேர்த்துப் படிக்கும் ஆய்வாளருக்கு, எட்டோடு ஆறைப் பொருத்திக் காட்டும் வேலை மிஞ்சாது. அச்சத்தின் களன்களுள் தம் இறை ஏன் இடம்பெற்றது, மறைத்தல் எவ்வாறு மெய்ப்பாடாயிற்று என்பன போன்ற, இதுவரை போதிய அளவு கேட்கப்படாத வினாக்கள் கிடைக்கும். தமிழாய்வை முன்னெடுத்துச் செல்லவல்லவை அவ்வினாக்களே.